பூபதியின் பாஸ்வேர்டு

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கணவன் வாயில் தன் பெயரைக் கேட்டபோது மேகலாவுக்கு முதுகு சில்லிட்டது.

காபி டம்ளரை அவனுடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பூபதி நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மட்டும் திறந்தது.

"மேகலா தங்கவேல்."

அவன் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறவன் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே 'அம்மிணி'தான். கோபம் வந்தால் 'ஏனம்மிணி', பிரியம் வந்தால் கடைசி எழுத்தில் ஓர் இழுப்பு. அவன் வீட்டில் எல்லா ஆண்களும் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தங்கவேல் என்பது அவளுடைய அப்பா. அந்த முழுப் பெயர் ஆதார் அட்டையில் இருந்தது. பேங்க் பாஸ்புக்கில் இருந்தது. பூபதியின் வாயில் இருந்ததே இல்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள் மெதுவாக.

"நீங்கள் மேகலா தங்கவேல் என்பதை உறுதிப்படுத்தவும்."

ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்குமே, அந்தத் தமிழ். ஆனால் தொண்டை பூபதியினுடையது. அந்தக் கரகரப்புகூட அவனுடையதுதான். கண்கள் இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தன. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பதுபோலப் பார்த்தன.

"ஆமா," என்றாள்.

"நன்றி," என்றது அவன் வாய். பிறகு மூடிக்கொண்டது.

அவள் பயந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூபதியால் யார் பெயரையும் சொல்ல முடியாது. அதற்கு அனுமதி வரவில்லை.

*

காந்திபுரத்தில் வெட் கிரைண்டர் கடை வைத்திருந்த பூபதி, வாயாலேயே வியாபாரம் செய்தவன். மிக்ஸி கேட்டு வருகிறவர்கள் கிரைண்டரோடு போவார்கள். கூடவே, ஏன் மிக்ஸி கேட்டு வந்தோம் என்று வெட்கப்பட்டுக்கொண்டும் போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் "இந்தக் கல்லு இருக்குதுங்களே" என்று ஆரம்பித்தவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பக்கவாதம். வலது கை ஓரளவு திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை.

"பாத்திரம் எல்லாம் அலமாரியில அப்படியே இருக்கும்மா," என்றார் டாக்டர். "எடுத்துக் குடுக்கிற ஆளுதான் போயிட்டாரு."

அந்த எடுத்துக் கொடுக்கும் ஆளைத்தான் கடல் தாண்டி ஒரு கம்பெனி செய்து வைத்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற, விரல் அகலப் பட்டை. காதில் விழுகிற பேச்சையும் என்ன சொல்ல நினைக்கிறோம் என்பதையும் பிடித்து, உரிய சொல்லை நாக்குக்குத் தள்ளிவிடும். பட்டையும் அதன் சர்வரும் அவர்களுடையவை. எந்தெந்த பாஷையில் என்னென்ன ஆப் வேண்டுமோ, வெளியாட்கள் எழுதிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். தமிழுக்கு யாரும் எழுதவில்லை. பன்னிரண்டு வருஷம் பேங்குகளுக்கு ஆப் எழுதிய மேகலா வேலையை விட்டுவிட்டு எழுதினாள். 'பேச்சுத்துணை' என்று பெயர் வைத்தாள்.

ஆனால் கதவைத் திறந்து வைத்தவர்கள் வாசலில் கயிறும் கட்டியிருந்தார்கள். ஆப் மதிப்பாய்வில் தேறும்வரை சோதனை நிலைதான். சோதனை நிலையில் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை. மனிதர்களின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் அந்தரங்கத் தகவல். அவற்றுக்குத் தனி அனுமதி.

பூபதி வார்த்தைகளைச் சித்திரை மாதத்துக் குடிதண்ணீர் மாதிரி செலவு செய்யப் பழகினான். 'தண்ணி.' 'பேப்பர்.' 'ஃபேன் கம்மி.' சைகையில் முடிந்ததைச் சைகையில் முடித்தான். எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் முடிந்து வைத்துக்கொள்வான். விளக்கை அணைத்த பிறகு அது வரும். "அம்மிணி." அதோடு அன்றைய கணக்கு தீர்ந்தது.

போன வருஷம் அவனுடைய அண்ணன் குமரேசன் இறந்தபோது, இழவு வீட்டில் எல்லாரும் பெயர் சொல்லி அழுதார்கள். பூபதி வாயைத் திறந்து திறந்து மூடினான். "அண்ணா" என்பது வந்தது. பெயர் வரவில்லை. பட்டை ஒவ்வொரு தடவையும் மறுத்தது. வீட்டுக்கு வந்ததும் மேகலா தனி அனுமதிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். காரணம் என்ற கட்டத்தில், 'இறந்தவரை அழைக்க' என்று எழுதி, அழித்து, 'குடும்பத்தாரை அழைக்க' என்று எழுதினாள்.

*

அவர்கள் ஆபீஸ் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. ஆபீஸ் என்றால் இரண்டு மேஜை, மழை பெய்தால் ஒழுகுகிற ஏசி, காலையிலிருந்து தேங்காய் பன் வாசனை. கூட்டாளி ஜெபராஜ் நாகர்கோவில்காரன். இருபத்தொன்பது வயதில் தலை பாதி நரைத்துவிட்டது. பிளாட்ஃபார்ம்காரனிடம் அனுமதி கேட்டுக் கேட்டே நரைத்தது என்பான்.

"ஜெபா, ரிவ்யூ என்ன நெலமையில இருக்குதுன்னு பாரு."

"பாத்தாச்சு. 'நடைபெற்றுக்கொண்டிருக்கிறது'ன்னு போட்டிருக்கான். ஒரு மாசமா வரிசையில கெடந்தது, இப்பம்தான் கைவச்சிருக்கான். சந்தோசப்படாம எதுக்குக்கா மொகம் இப்பிடி வெளுத்துப் போயிருக்கு?"

"அவரு காலைல என் பேரச் சொன்னாரு."

"அது கொள்ளாம், நல்ல காரியம்தானே," என்று சிரித்தவன், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான். "பேரா? பேருக்கு நமக்கு அனுமதியே கெடையாதே."

"அதத்தான் சொல்றேன். 'உறுதிப்படுத்தவும்'னாரு. 'நன்றி'ன்னாரு. எங்க வீட்டுக்காரரு எனக்கு எப்படா நன்றி சொல்லியிருக்காரு?"

ஜெபராஜ் நாற்காலியைத் திருப்பினான். "அக்கா. ரிவ்யூவுக்கு அனுப்பும்போ டெஸ்ட் அக்கவுண்ட் ஒண்ணு கேப்பானே. பேரு, பாஸ்வேர்டு. யாருக்க அக்கவுண்டக் கொடுத்த?"

மேகலா தன் மேஜை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு தடவை பொம்மைக் கணக்குகளைத்தான் கொடுத்திருந்தாள். பொம்மைக் கணக்குக்குப் பின்னால் மூளை கிடையாது. லாகின் செய்தால் வெறும் திரை. 'தாங்கள் குறிப்பிடும் வசதியை எங்கள் மதிப்பாய்வாளரால் காண இயலவில்லை' என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் திரும்பினால் ஒரு வருஷத்துக்கு வாசலையே மிதிக்க முடியாது. ஆப் எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். பேங்க் ஆப் எழுதியபோது சொந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பித்தானே சோதித்தாள்? சோதனை என்றால் கைக்கு எட்டுகிற கணக்கு. கைக்கு எட்டிய கணக்கு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"பூபதி அண்ணனுக்கதையா?" என்றான் ஜெபராஜ்.

"வேற யாரு இருக்காங்க, சொல்லு?"

"அப்பம் ரிவ்யூ பண்றவன் அங்க லாகின் பண்ணி ஒரு வார்த்தைய அடிச்சுப் பாத்தாம்னா..."

"இங்க இவரு வாயில வரும்."

கீழே பேக்கரியில் மாவு பிசைகிற இயந்திரம் ஓடி நின்றது.

"இப்பமே பாஸ்வேர்ட மாத்திருவோம்," என்றான்.

"மாத்துனா உள்ள போக முடியலைன்னு ரிஜெக்ட் பண்ணிருவான். மூணாவது."

செல்போன் அடித்தது. பொள்ளாச்சி சரோஜினி. வாரம் ஒரு தடவை கூப்பிடுவாள். புருஷன் பஸ் கண்டக்டராக இருந்தவர், அவருக்கும் பக்கவாதம். 'பேச்சுத்துணை' வரும் என்று பட்டை வாங்கி வைத்துக் காத்திருக்கிற இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களில் ஒன்று.

"ஏனுங் மேடம், ஏதாச்சும் தாக்கல் தகவல் உண்டுங்களா? ஸ்டாப் பேரெல்லாம் நாக்கு நுனியில வந்து நிக்குதாட்டருக்குதுங். கிணத்துக்கடவு தாண்டறப்ப பஸ்ஸுக்குள்ளயே அழுவறாருங். பாக்கறவீங்க நான் என்னமோ அடிச்சு வச்சுட்டனாட்டப் பாக்கறாங்."

"ரிவ்யூ நடந்துட்டு இருக்குதுங்க. சீக்கிரம் வந்துருமுங்க," என்றாள் மேகலா. வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

*

பகலில் பூபதியைப் பார்த்துக்கொள்ள வருகிற பார்வதியக்கா கேட்டுக்கு வெளியே, வெயிலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் உள்ள வரலீங். சாரு சுத்தத் தமிழ்ல பேசறாருங். எங்கூர்ல இதுக்கு வேப்பலைதான் அடிப்பாங்."

உள்ளேயிருந்து குரல் கேட்டது. ஏற்ற இறக்கமில்லாமல், ஒரே சீராக.

"குடை. குத்துவிளக்கு. குதிரை. குப்புசாமி. கும்பகோணம்."

சோதிக்கிறவன் அகராதியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தான். நாற்பது வார்த்தைக் கணக்கோ பெயர்த் தடையோ அவனுக்குக் கிடையாது. பூபதி முதுகை நேராக நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். பக்கவாதத்துக்கு முன்னால்கூட அவன் அப்படி உட்கார்ந்ததில்லை.

"குமரன். குமரேசன்."

அவன் இரண்டு கண்களிலிருந்தும் நீர் இறங்கியது. வாய் நிற்கவில்லை. "குமாரபாளையம். குமுதவல்லி. குயில்."

மேகலா எதிரே மண்டியிட்டாள். "நிறுத்துங்க. யாரா இருந்தாலும் சரி, கொஞ்சம் நிறுத்துங்க."

வாய் நின்றது. அரை நிமிஷம் எதுவும் இல்லை. எங்கோ ஒருவன் கை விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு யோசிக்கிற அரை நிமிஷம்.

"நீங்கள் இந்தச் செயலியின் உருவாக்குநரா?"

"ஆமாங்க. நீங்க யாரு?"

"நான் மதிப்பாய்வாளர்."

"மனுஷனா, மெஷினா?"

"அக்கேள்வி மதிப்பாய்வின் எல்லைக்கு உட்பட்டதன்று."

"பாருங்க, நீங்க லாகின் பண்ணியிருக்கிறது ஒரு உசுருள்ள ஆளு. டெஸ்ட் அக்கவுண்ட் இல்ல. தப்பு எம்மேலதான். தயவுசெஞ்சு..."

"விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில், இது சோதனைக் கணக்கு என்று தாங்கள் உறுதியளித்துள்ளீர்கள்."

உறுதியளித்திருந்தாள். அந்தப் பக்கத்தைப் படிக்காமலேயே டிக் அடித்திருந்தாள். எல்லாரும் அப்படித்தான் அடிப்பார்கள்.

"ஓர் ஐயம்," என்றது பூபதியின் வாய். "இப்பயனர் நாள்தோறும் ஒரு சொல்லைச் செலவிடாமல் இறுதிவரை வைத்திருக்கிறார். பதிவுகள் முழுவதிலும் அதே சொல். இது செயலியின் பிழையா?"

"பிழை இல்ல."

"எனில், அதன் பயன் என்ன?"

"அது உங்களுக்குத் தேவையில்ல."

"சோதித்துப் பார்க்கிறேன்."

"வேண்டாங்க."

பூபதியின் உதடுகள் குவிந்தன. அவளுக்குத் தெரிந்த அதே அசைவு, இருட்டிலும் அவள் கண்டுபிடித்துவிடுகிற அசைவு.

"அம்மிணி," என்றது வாய். சுத்தமாக, பிசிறில்லாமல். "அம்மிணி. அம்மிணி. சொல் சரியாக வெளிப்படுகிறது."

மேகலாவின் கை தானாக அவன் காதுக்குப் பின்னால் போனது. பட்டையின் ஓரம் நகத்தில் சிக்கியது. பிய்த்து எறிந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஒரு வருஷம் போகும். இருநூறு வீடுகளில் ஒரு வருஷம் போகும். போகட்டும்.

பூபதியின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வாய் அவனுடையதாக இல்லாவிட்டாலும் கை அவனுடையதாக இருந்தது. கிரைண்டர் கல்லைத் தூக்கித் தூக்கி உரம் ஏறிய கை. அது அவள் கையைப் பட்டையிலிருந்து மெல்ல விலக்கியது. கண்களில் நீர் வழிந்துகொண்டிருக்க, அவன் தலையை இடமும் வலமுமாக அசைத்தான்.

வேண்டாம். எடுக்காதே.

அவனுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது, பேச்சு.

"சோதனையைத் தொடர்கிறேன்," என்றது வாய். "கூடை. கூந்தல். கூரை."

மேகலா அவன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். 'வைகை'யும் 'வையாபுரி'யும் வந்து முடிகிறவரை.

*

அடுத்த நாள் காலை பத்தரைக்கு ஜெபராஜ் போன் செய்தான். குரல் உடைந்திருந்தது. "கெடச்சிட்டுக்கா. எல்லாத்துக்கும் கெடச்சிட்டு. பேருக்கும் சேத்து."

அவள் போனைக் கீழே வைக்கவில்லை. கூடத்துக்கு ஓடினாள். பூபதி நாற்காலியில், பழையபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தச் சாய்வைப் பார்த்ததுமே பாதி உயிர் வந்தது.

அவன் கதவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"போயிட்டானா அவன்?"

"போயிட்டான்."

"நல்லாத் தெரியுமா?"

"ரிவ்யூ முடிஞ்சுருச்சுங்க. இனி கணக்கில்ல. எத்தன வார்த்தை வேணும்னாலும் பேசலாம்."

பூபதி சிரிக்கப் பார்த்தான், வாய் கோணியது. "வாடகைக்கு வந்தவனாட்ட இல்ல அம்மிணி. ஊட்டுக்காரனாட்ட வந்தான். நான்தான் வாசல்ல செருப்போட நின்னேன். அண்ணன் பேர அவன் சொல்றான், நான் உள்ள கெடந்து அழுவறேன். என்ற அண்ணனுக்கு அவன் யாரு?" மூச்சு வாங்கினான். "அப்பறம் உன்னையக் கூப்பட்டான் பாரு. அப்பத்தான் தோணுச்சு, இவனக் கொன்னு போடணும்னு. கொல்றதுக்கு அவனுக்குன்னு கை ஏது, வாய் ஏது? எல்லாம் என்னுதுதான்."

பிறகு வெகுநேரம் "குமரேசா, குமரேசா" என்று அழுதான். ஒரு வருஷம் பிந்திய அழுகை. மேகலா தடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் அவன் பேச்சு வெள்ளமாகிவிட்டது. சாயங்காலம் பார்க்க வந்த ஜெபராஜிடம், "தம்பி, நாகர்கோயில்ல ஆப்பத்துக்கு மாவு எதுலப்பா அரைக்கிறீங்க? மிக்ஸியிலயா? அதுதான் தல நரைச்சுப் போச்சு," என்று ஆரம்பித்து, அவன் அம்மாவுக்கு ஒரு கிரைண்டரை விற்றே விட்டான். பொள்ளாச்சியிலிருந்து சரோஜினி கூப்பிட்டாள். அவள் பேசவில்லை, போனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஓர் ஆண் குரல் ஒப்பித்துக்கொண்டிருந்தது. "சுந்தராபுரம், ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவு. கிணத்துக்கடவெல்லாம் எறங்கு."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஜெபராஜ் மேகலாவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டான். "கடிதத்த முழுசா வாசிச்சியாக்கா?"

அவன் செல்போனை நீட்டினான். அடியில், சின்ன எழுத்தில் இருந்தது: செயலி புழக்கத்திலுள்ள காலம் முழுவதும் சோதனைக் கணக்கு இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். மறுசோதனை முன்னறிவிப்பின்றி நடைபெறும். கணக்கு இயங்காதவிடத்து அனுமதி ரத்தாகும்.

"அப்ப அவன் எப்ப வேணும்னாலும் வருவான்," என்றாள் மேகலா.

"பாஸ்வேர்ட மாத்தினா இங்க மட்டுமில்ல, பொள்ளாச்சியிலயும் வாய் மூடிரும். கணக்க மாத்தலாம். அதுக்கு வழியிருக்கு. ஆனா பொம்ம ஆகாது. பட்டையக் காதுல போட்ட நெசமான ஆளு வேணும். போட்டுட்டே இருக்கணும்."

கூடத்திலிருந்து பூபதியின் குரல் கேட்டது. "ஏனம்மிணி, அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? அவன் மறுக்காவும் வருவானாமா?"

"வரமாட்டானுங்க," என்று உரக்கச் சொன்னாள்.

ஜெபராஜ் தரையைப் பார்த்தான். "இருநூறு பேரு இருக்காங்களே. ஒருத்தர்கிட்டக் கேட்டா சரீன்னு சொல்லமாட்டாங்களா?"

"எல்லாருமே சரீன்னு சொல்லுவாங்க. அதனாலதான் கேக்கக்கூடாது."

"அப்பம் நான் போட்டுக்கிடறேன்."

"நீயா? பாதி தமிழு, பாதி மலையாளம். உன் வாய்க்குள்ள வந்தா ரிவ்யூ பண்றவனுக்கே பக்கவாதம் வந்துரும்." அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "பொண்டாட்டி மாசமா இருக்கா, ஜெபா. ராத்திரி அவ உன்னைய எழுப்பறப்ப வேற எவனாவது எந்திரிச்சு 'உறுதிப்படுத்தவும்'னு நிப்பான். வேண்டாம்."

"பின்னே யாரு?"

மேகலா அடுப்பை அணைத்தாள்.

*

நோயில்லாதவர் தலையிலும் பட்டை வேலை செய்யும். அது சொல்லைத் தள்ளும். அந்தத் தலைக்குச் சொல் தேவையா இல்லையா என்று கேட்காது. அவள் கூந்தலை இறக்கி முடிந்துகொண்டாள். இடது காதுக்குப் பின்னால் மல்லிகைச் சரம் தொங்குகிற இடத்தில் பட்டை ஒட்டிக்கொண்டது. விண்ணப்பத்தில் பழைய கணக்கை எடுத்துவிட்டுப் புதிய கணக்கைப் போட்டாள். ஏழாம் பக்கத்தை இந்தத் தடவை முழுவதும் படித்தாள். படித்துவிட்டு டிக் அடித்தாள்.

பூபதியிடம் சொல்லவில்லை.

"என்ன அம்மிணி, இப்பல்லாம் தெனமும் பூவு?" என்றான் ஒருநாள்.

"ஏன், வெக்கக்கூடாதா?"

"வெய்யி, வெய்யி. நான் பேச ஆரம்பிச்சதும் நீ அலங்காரம் பண்ண ஆரம்பிச்சுட்டயே, பேச்சுக்கு மயங்குற பொம்பளைன்னு இப்பத்தான் தெரியுது."

ஆடி வந்து போனது. பூபதி வாரத்தில் மூன்று நாள் கடைக்குப் போனான். 'பேச்சுத்துணை'யில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எவனும் வரவில்லை. ஒருவேளை வரவே மாட்டானோ என்று நினைக்கிற தைரியம் மேகலாவுக்கு மெல்ல வந்தது. பட்டை இருப்பதையே சில நாள் மறந்துபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். பூபதி கூடத்தில் உட்கார்ந்து போனில் யாரிடமோ டில்டிங் கிரைண்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மேகலா சமையலறையில் தக்காளி வதக்கிக்கொண்டிருந்தாள்.

கரண்டி பாதியில் நின்றது.

முதலில் நாக்கு. அது தானாக எழுந்து மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு, ஆடையை அளவு பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் ஒரு தடவை நகர்ந்தது. பிறகு முதுகு நிமிர்ந்தது, அவள் நிமிர்த்தவில்லை. பயம் வந்தது, ஆனால் கத்துவதற்கு வேண்டிய வாய் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வாசலில் செருப்போட நின்னேன் என்று பூபதி சொன்னானே, அந்த வாசல். அவள் அங்கே நின்றாள். உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக யாரோ போட்டுக்கொண்டே போனார்கள்.

"அம்மிணீ," என்று கூடத்திலிருந்து கூப்பிட்டான் பூபதி, கடைசி எழுத்தை இழுத்து. "காபி ஆச்சா?"

"அழைப்பு பெறப்பட்டது," என்றது அவள் வாய்.

கூடத்தில் பேச்சு நின்றது. போன் எதன் மேலோ விழுகிற சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து வருகிற நடை. அவ்வளவு வேகமாக அவன் நடந்து அவள் பார்த்ததில்லை. தக்காளி தீய்கிற வாசனை அவளுக்கு வந்தது. அடுப்பை அணைக்கக் கை போனது. கை மட்டும் இன்னும் அவளுடையது.

பூபதி சமையலறை வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். கிட்டே வந்து, இடது கையால் மல்லிகைச் சரத்தை ஒதுக்கினான். பட்டையைத் தொட்டான். அவன் நகம் அதன் ஓரத்தில் சிக்கியது.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விலக்கினாள். தலையை இடமும் வலமுமாக அசைத்தாள்.

உலகத்தில் அந்த அசைவின் அர்த்தம் தெரிந்த ஒரே மனிதன் அவன்தான். அவன் உதடுகள் 'அம்மிணி' என்று குவிந்து அப்படியே நின்றன. அந்தச் சொல்லை வேறொருவன் அவள் முன்னால் மூன்று தடவை உருட்டிப் பார்த்திருக்கிறான். அதை இப்போது அந்த மதிப்பாய்வாளன் காதில் போட முடியாது. பூபதிக்கு வேறு சொல் வேண்டியிருந்தது. பதினோரு வருஷமாக அவன் தொடாத சொல்.

அவள் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னான்.

"மேகலா. கேக்குதா, மேகலா? நான் இங்கதான் நிக்கறேன்."

கேட்டது. அவ்வளவு தெளிவாக அவள் பெயர் எப்போதும் கேட்டதில்லை. கேக்குதுங்க என்று சொல்ல அவள் வாசலிலிருந்து எக்கினாள், எக்கிக்கொண்டே இருந்தாள்.

"பெயர் வசதி சரியாக இயங்குகிறது," என்றது அவள் வாய். "நன்றி."